பால் கட்டிக்கொண்ட நாள்

பால் கட்டிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் முயன்றதும் இல்லை. படிக்கச் சங்கடமாக இருந்தால் அவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம். நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மாதம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். நான், வீட்டுக்காரர், என் மாமியார், நாலு மாதத்துப் பையன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை.

ஒருநாள் விடியும்போது கத்திவாக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெரியம்மா போய்விட்டாள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா இறந்துவிட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். போகாமல் இருக்க முடியாது. ஆனால் பால் குடிக்கிற குழந்தையைச் சாவு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்றார் மாமியார். இதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. "காலை வண்டியில போ, முகத்தைப் பாரு, பகல் வண்டியில வந்துடு" என்றார் வீட்டுக்காரர், ரயிலைத் தானே ஓட்டுகிற மாதிரி. கூட வரவில்லை. அன்றைக்கு லீவு போட்டால் மேஸ்திரி திட்டுவானாம். அதற்காக அவரை நான் முழுசாக மன்னித்ததே இல்லை.

பையன் தாய்ப்பால் தவிர வேறு எதையும் தொடமாட்டான். பசும்பாலைச் சங்கில் புகட்டினால் அப்படியே வெளியே தள்ளிவிடுவான். ஆறு மணிக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சாவு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. பகல் வண்டி, பகல் வண்டி என்று அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. என்னை வளர்த்தவள் முன்னால் உட்கார்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிணத்தை எடுப்பதற்கு முன்பே, குளிக்கக்கூட நேரமில்லாமல், பக்கத்திலிருந்த எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

இரவெல்லாம் பெய்த மழை அப்போதும் விடவில்லை. வண்டி கிளம்பி ஒரு மைல்கூடப் போகவில்லை, நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து கார்டு குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக வந்து சொன்னார். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது, தண்ணீர் வடிந்து ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் வண்டி நகராது. ரோட்டிலும் பஸ் கிடையாது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்கள். நானும் இறங்கினேன். கோட்டுப் போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்து, "பத்திரமா வாம்மா" என்றார். சொல்லிவிட்டு முன்னைவிட வேகமாக நடந்தார். பத்திரமாக வா என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. மணி ரெண்டைத் தாண்டியிருக்கும். மார் இரண்டும் கல்லாகிவிட்டன. கையை ஆட்டி நடக்க முடியவில்லை. ரவிக்கை மழையில் நனைந்ததா பாலில் நனைந்ததா என்று தெரியவில்லை. வலி ஒரு பக்கம். எட்டு மணி நேரமாகப் பிள்ளை வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

தண்டவாளத்தை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு மீனவக் குப்பம். கட்டுமரங்களைப் பிரித்து மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பாலை மண்ணில் பீய்ச்ச ஆரம்பித்தேன்.

"இன்னாமே பண்ற அங்க?"

முந்தானையை இழுத்து மூடினேன். நாற்பது வயசு இருக்கிற ஒரு பொம்பளை, மீன்கூடையைக் கவிழ்த்துத் தலையில் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"பால மண்ணுல வுட்டுக்கினு கீற, ஒண்ணுமில்லன்ற. மண்ணுல வுட்டா மாரு வத்திப்பூடும்னு உங்கம்மா சொல்லலியா?"

"எனக்கு அம்மா இல்ல."

"அதான் பாத்தாலே தெரிதே. புள்ள எங்க?"

"ராயபுரத்துல. ரயிலு நின்னுபோச்சு."

"புள்ளைய அங்க போட்டுட்டு நீ இங்க ஊரு சுத்த வந்தியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரு சுத்த ஒண்ணும் வரல" என்றேன். எதற்கு வந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் வருகிறேன் என்றால் கூரைக்கு அடியில்கூட ஒதுங்க விடமாட்டாள் என்று பயம்.

"வூட்டுக்கு வா" என்று முன்னால் நடந்தாள்.

குனிந்து நுழைகிற குடிசை. உள்ளே பாயில் அவள் மகள் சுருண்டு படுத்திருந்தாள். பதினெட்டு வயசு இருந்தால் அதிகம். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, பத்து நாளாக விடாத காய்ச்சல், பால் நின்றுவிட்டது. குழந்தைக்கு ஆட்டுப்பாலைக் கொடுத்தால் வயிற்றால் போகிறது. குப்பத்தில் பால் கொடுக்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், மழைக்குப் பயந்து இரண்டு பேரும் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அந்த அம்மாள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தர்மம்னு நெனைக்காத. உனக்கு நோவுது, எனக்கு வேணும். குடுப்பியா மாட்டியா?"

உண்மையை எழுதுகிறேன். மீன் விற்கிறவர்கள் வீட்டில் அதுவரை நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. எங்கள் தெருவில் கூடையோடு வருகிறவளிடம் மீனை வாங்கும்போது கை படாமல் வாங்குவோம். அந்தக் குடிசை முழுக்கக் கருவாட்டு நாற்றம். ஆனால் வலி அதையெல்லாம் யோசிக்க விடவில்லை. உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். பெண் குழந்தை. தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, அழக்கூடச் சத்தம் இல்லை.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"இருங்க. நான் எழவு வீட்டுலேர்ந்து வரேன். குளிக்கல."

வெடுக்கென்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு என்னைத் திட்டினாள் பாருங்கள், அந்த மாதிரித் திட்டு நான் அதற்கு முன்னும் வாங்கவில்லை, பின்னும் வாங்கவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் தீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடா என்றாள். இதை மட்டும்தான் இங்கே எழுத முடியும்.

பாயிலிருந்து மகள் முனகினாள். "அதான் மழைல ஊறிப்போய் வந்துகீதேம்மா. இன்னும் இன்னா குளிக்கறது?"

"மழை வேற, குளியல் வேற. நீ வாய மூடிக்கினு படு."

என்னைத் துரத்தப்போகிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு அலை அடிக்கிற இடத்துக்குப் போனாள். கடல் அன்றைக்கு நல்ல கடலாக இல்லை. நனைந்து மூச்சு வாங்கத் திரும்பி வந்து, வாசலில் என்னை உட்காரச் சொல்லி, முதல் குடத்தைத் தலையோடு கொட்டினாள். உப்புத் தண்ணீர் கண்ணை எரித்தது.

"யாரு செத்தது?"

"பெரியம்மா."

"வளத்தவளா?"

"ஆமா."

இரண்டாவது குடத்தை மெதுவாக ஊற்றினாள். ஒரு கையால் என் தலையைத் தேய்த்துவிட்டாள்.

"அழுவறதுன்னா இங்கயே அழுதுட்டு வா. உள்ள வந்து அழுதா பால்ல எறங்கும்."

அங்கே, அந்த மழையில், முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டு வாசலில்தான் நான் என் பெரியம்மாவுக்கு அழுதேன். முடிகிறவரைக்கும் அவள் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

உலர்ந்த சேலை ஒன்றைக் கொடுத்தாள். உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை கவ்விப் பிடித்த வேகத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கல் கரைந்தது. அது குடிக்கக் குடிக்க, என் பிள்ளைக்கு உரியதை யாருக்கோ கொடுக்கிறேன் என்று ஒரு நினைப்பும் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஒரு பக்கம் தீர்ந்தது. மறுபக்கம் மாற்றப்போனேன். அந்த அம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

"போதும்."

"இன்னும் பசிக்குதே, குடிக்கட்டும்" என்றேன். குழந்தை வீல் என்று கத்தியது. இப்போதுதான் அதற்குக் கத்துவதற்கே தெம்பு வந்திருந்தது.

"அந்தப் பக்கம் உம் புள்ளைது."

"எனக்கு மறுபடி ஊறும்."

"ஊறும். ஊறாதயும் போவும். நனையப்போற, நடக்கப்போற, எப்ப போய்ச் சேருவியோ. அது அங்க காஞ்சிக்கினு கீது. எந்திரி."

கத்துகிற பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைக் கிளப்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவள்தான் என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பொங்கல் கழித்து அந்தச் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் மீன் விற்கப் போயிருந்தாள். மகள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை கருகருவென்று, கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதது. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அந்த அம்மாள் தன் தம்பியை எழுப்பி என்னோடு அனுப்பினாள். "தூங்கக்கூட வுடமாட்டா எங்கக்கா" என்று முனகிக்கொண்டே வந்தான். கரையோடு திருவொற்றியூர் பக்கம் நடந்தோம். ஒரு இடத்தில் ஊருக்குள் தேங்கிய வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர். ஒரு கழியின் முனையை என்னிடம் நீட்டினான். என் கையைத் தொட அவனுக்கு வெட்கம்.

"கெட்டியா புடி. வுட்டா மயிலாப்பூர்லதான் ஒதுங்குவ. உங்க வூட்டுக்காரு அங்க வந்து பொறுக்கிக்கணும்."

"அவருக்கு லீவு கிடைக்காது" என்றேன். சிரித்தான். முதல் தடவையாக நானும் சிரித்தேன்.

காலடிப்பேட்டையில் ஒரு ஜட்காவை மறித்தான். தாடி நரைத்த பாய் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"லாயத்துக்குப் போய்க்கினு கீறேன் நைனா. குதிரை காலைலேர்ந்து நனையுது, ஆவாது."

"பச்சப்புள்ளக்காரி பாய். புள்ள கல்மண்டபத்துல அழுதுகினு கீது, இவளுக்கு இங்க பால் கட்டிக்கினு கீது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பாய் என்னைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்துச் சொன்னார். "ஏறு தாயி."

அவர் என்னிடம் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தண்டையார்பேட்டையில் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்ற ஒவ்வொரு மாட்டுவண்டிக்காரனிடமும், "பச்சப்புள்ளக்காரி வருது, ஒத்து, ஒத்து" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். "இன்னா பாய், மகாராணி சவாரியா?" என்று ஒருவன் கேட்டான். "மகாராணிதான். மாட்டை இழு" என்றார். நான் முக்காட்டை முழங்கால் வரைக்கும் இழுத்துக்கொண்டேன். ஆத்திரமாக வந்தது. அவன் மாட்டை இழுத்து வழிவிட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை.

மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் சங்கு, பால், சர்க்கரைத் தண்ணீர், எல்லாம் சிந்திக் கிடந்தன.

"கத்திக் கத்தித் தொண்டை போச்சுடி. ஒரு மணி நேரமா சத்தமே இல்ல. மூச்சு இருக்கான்னு கையை வெச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்" என்றார். கையை நீட்டினேன். பழக்கம் போகவில்லை, "குளிச்சியா?" என்றார்.

"கடல் தண்ணியில குளிச்சாச்சு."

சேலையைப் பார்த்தார். அதன் வாசனையும் எட்டியிருக்கும். பிள்ளையைக் கொடுத்தார்.

அவன் வாயைத் திறக்கவில்லை. உதடு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. உதட்டில் இரண்டு சொட்டு விட்டேன். இன்னும் இரண்டு. நாக்கு லேசாக வெளியே வந்தது. கண்ணைத் திறக்காமலே கவ்விக்கொண்டான். பிறகு அவன் குடித்த சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, "மறு பக்கம் மாத்துடி" என்றார்.

"அதுல இல்ல."

"ஏன் இல்ல?"

இனித் திட்டு விழும் என்று தெரியும். தெருக்குழாயில் யாராவது இடித்துவிட்டால்கூடத் திரும்பக் குளிக்கிறவர் அவர். எனக்கு அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. "எண்ணூர்ல ஒரு மீனவக் குப்பத்துல, தாய்ப்பால் இல்லாத குழந்தை ஒண்ணு. அதுக்குக் குடுத்தேன். இதை இவனுக்குன்னு அந்தம்மாதான் நிறுத்திவெச்சாங்க" என்றேன்.

மாமியார் எழுந்தார். சிந்திய பாலைத் துணியால் துடைத்தார். சங்கைக் கழுவினார். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"அதுக்கு வயிறு நெறைஞ்சுதா?"

"இல்ல அத்தை" என்றேன்.