நெளிந்த பனியன் துணி

அருள்செல்வன் கேமரா வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மைக் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்தவன் நான்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவனுக்கு ஷேடு பார்க்கிற வேலை. சாயம் ஏறி வரும் துணியில் கையகலம் வெட்டி, விளக்குப் பெட்டிக்குள் வைத்து, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தரும் பையர் கேட்ட நிறம்தானா என்று சொல்ல வேண்டும். அதில் கெட்டிக்காரன்தான். அதனாலேயே எதையும் கையகலம் வெட்டிப் பார்த்தால் போதும் என்ற நினைப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திட்டு வாங்கியவன்.

யார் தயவும் இல்லாமல் சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. படம் ஒச்சாயியக்காவைப் பற்றியது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மிஷினில் தைத்தே வயதைக் கழித்தவர். பொங்கலோடு ஊருக்கே திரும்பிவிடுவதாக இருந்தார். கேட்டதும் மறுத்தவர், பிறகு தானாகவே வந்தார்.

“அம்மா திருப்பூர்ல பனியன் தைக்குதுன்னுதான் எம் மகளுக்குத் தெரியும். எப்படித் தைக்கிறேன்னு அவ பாத்ததே இல்ல தம்பி. ஒரு தடவ பாக்கட்டும்.”

அதற்கு ஒரு நல்ல கேமரா வேண்டும். இணையத்தில் கேமரா பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல். ஒருத்தன் காபிக் கோப்பையைப் படம் எடுத்துக் காட்டுகிறான், இன்னொருத்தன் அவன் வீட்டு நாயை. கோவையில் நாங்கள் போன கடைக்காரர் அதற்கும் மேல். “கல்யாணத்துக்கு இது ஓடும், காதுகுத்துக்கு அது ஓடும்,” என்றார். சினிமா எடுக்க என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்று பழைய எச்.டி. கேமராக்களை மேசையில் வைத்தார்.

அருள்செல்வன் சட்டைப்பையிலிருந்து துணித்துண்டுகளை எடுத்துப் பரப்பினான். ஒவ்வொரு கேமராவையும் துண்டை ஒட்டிக் கொண்டுபோய்ப் படம் பிடித்தான்.

“இதுல பாருங்க, நம்ம மெரூன் அப்படியே வந்திருக்குதுங்க. மத்த ரெண்டும் ஷேடு அவுட்டு.”

“ஒரு நாள் வாடகைக்கு எடுத்துட்டுப் போய், ஆளை நடக்க உட்டு எடுத்துப் பாக்கலாமுங்க,” என்றேன்.

“துணி ஓகேன்னா எல்லாம் ஓகேதானுங்க.”

வாங்கிவிட்டான்.

கம்பெனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதித்தார்கள். அக்கா தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து, மெரூன் துணியை மிஷினில் ஓட்டினார். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகவே தெரிந்தது.

அக்கா ஊருக்கு பஸ் ஏறிய பிறகுதான் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். துணி நெளிந்தது. பனியன் துணியின் பொடிப்பொடிப் பின்னல் வரிகளைத் தள்ளி நின்று பிடிக்க அந்தக் கேமராவுக்குத் துப்பில்லை. மெரூன் மேலே பச்சையும் ஊதாவுமாக, அழுகின பழத்தில் புழு ஊர்வது போல அலையலையாக ஓடியது. அக்கா துணியை நகர்த்த நகர்த்த அதுவும் நகர்ந்தது. ஒரு காட்சிகூடத் தப்பவில்லை.

இதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் அவனை மதித்திருப்பேன். குறும்பட விழாவுக்கு அனுப்பினான். அங்கே கண்ணாடி போட்ட நடுவர் ஒருவர், உழைப்பு மனிதரை அரிப்பதை அந்த அலைகள் காட்டுவதாக உருகினார். இவன் மேடையேறி, “அது வேணும்னே வெச்சதுங்க,” என்று கூசாமல் சொன்னான். சபையே கைதட்டியது.

அந்தக் கைதட்டலின் தெம்பில் படத்தை அக்காவுக்கும் அனுப்பிவைத்தான். மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏந்தம்பி, நான் தச்ச துணியெல்லாம் இப்படியா நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு?”

“அது கேமராவால வந்ததுங்க்கா,” என்றான்.



“கேமராவுல எம் மொகம் நல்லாத்தானப்பா விழுந்திருக்கு. வேலதான் அசிங்கமா இருக்கு. எம் மககிட்ட மட்டும் இதக் காட்டிராத தம்பி.”