எழுபத்துநாலு கிலோ கோமதி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, போடியில் ஒரு ஏலக்காய் கமிஷன் கடையில், மூட்டை ஏற்றும் தராசின் மேல் என் மனைவி ஏறி நின்றாள்.

செருப்பைக் கழற்றினாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். நிமிர்ந்து நின்றாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நின்ற நிற்பு.

"பாண்டி, சத்தமாச் சொல்லு. கடைசியில நிக்கிறவுகளுக்கும் கேக்கணும்."

எடை போடும் பாண்டி, அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே பேத்தி இருக்கிறாள். இருந்தும் கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னான்.

"அம்பத்தெட்டு, டீச்சர். கழிவு போக அம்பத்தஞ்சு."

"கழிவெல்லாம் வேணாம். உள்ளதைச் சொல்லு."

"அம்பத்தெட்டு."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் கைப்பையைப் பார்த்தேன்.

ஏன் நடந்தது இது? சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் வேறு எதையும் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கல்லூரி நாட்களில் கிளைடர் ஓட்டியவன் - இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பெருமை தலைக்கேறி, ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு முடிவெடுத்தேன். வீட்டிலேயே ஒரு குட்டி விமானம் கட்டுவது!

சிரிக்காதீர்கள். உலகத்தில் பலர் கட்டுகிறார்கள். வரைபடம் வாங்கி, மரத்தையோ இரும்புக் குழாயையோ அறுத்து, கார் ஷெட்டில் வைத்துக் கட்டுகிறார்கள். அனுமதி, லைசென்ஸ்... அதெல்லாம் அப்புறம். முதலில் எந்த டிசைன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான டிசைனில் கை வைத்தால் ஐந்தாறு வருட உழைப்பு வீண்.

கோமதி எதிர்ப்பாள் என்று நினைத்தேன். எதிர்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, வளைவு இல்லாம மலையைப் பாக்கலாம்ல?"

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. போகிற வழியில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவில் கண்ணை மூடுவாள். மெட்டில் திறப்பாள். நடுவில் மடியில் ஒரு பாலிதீன் பை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"பாக்கலாமே! முதல்ல உன்னைத்தான் ஏத்துவேன்" என்றேன்.

மனதார வாக்குக் கொடுத்தேன். அப்போது.

பிறகு டிசைன்களைப் புரட்ட ஆரம்பித்தேன். ஒன்று அலுமினியத் தகடு. ஆயிரக்கணக்கில் ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். என் முட்டி தாங்காது. தள்ளினேன். இன்னொன்று இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. முன்னும் பின்னுமாக இரண்டு சீட். இறக்கை தலைக்கு மேலே, ஆகவே கீழே உள்ளது எல்லாம் தெரியும். ஆனால் பார்க்க நம்மூர் ஜீப்புக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது... ஐயோ, அந்த மூன்றாவது! மரத்தில் இழைத்த ஒற்றை சீட். தாழ்ந்த இறக்கை, ஒல்லியான இடுப்பு, வளைந்த வால். போடிக்காரன் புத்தி எனக்கு. ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சையைப் பார்த்ததுமே கிறங்கிப்போகிற ஊர் இது. நானும் நிறத்தைப் பார்த்தேன், விழுந்தேன்.

ஒற்றை சீட் என்றால் கோமதி எங்கே உட்காருவாள்?

அதற்குத்தான் கணக்குப் போட்டேன்.

இரட்டை சீட் விமானம் ஆட்களாக நூற்றைம்பது கிலோ தாங்கும். ஒற்றை சீட், எண்பது. பாண்டி கடைக்குப் போய் நான் தராசில் ஏறினேன். அவனுக்குப் பழக்க தோஷம். எதை நிறுத்தாலும் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் வாயைத் திறப்பான். "எம்பத்தொண்ணு, சார்" என்றான். எனக்கு ஏது சாக்கு? எனக்கு ஏது ஈரம்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. செருப்பு, கண்ணாடி, காலையில் தின்ற இட்லி என்று மேலும் இரண்டு கிலோவை நானே கழித்து, எழுபத்தொன்பது என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்து கோமதி. டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. கைப்பை, பிளாஸ்க், சால்வை, முறுக்கு டப்பா என்று சேர்த்துக்கொண்டே போனேன். எழுபத்துநாலில் நின்றேன். ஏன் அங்கே நின்றேன்? இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நூற்று ஐம்பத்துமூன்று. மூன்று கிலோ அதிகம்!

'பாதுகாப்புக் காரணங்களால் இரட்டை சீட் நிராகரிக்கப்படுகிறது' என்று கீழே எழுதி, சிவப்பு மையில் கோடும் போட்டேன். மாணவர்களின் பேப்பரில் போட்ட அதே கோடு.

திங்கட்கிழமை மைத்துனன் ராசு சிலமலையிலிருந்து தேங்காய் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேஜையில் நோட்டு திறந்தபடி கிடந்தது. குனிந்து படித்தான்.

"அக்கா! இங்க வா. ஒன்னைய எழுபத்திநாலு கிலோன்னு எழுதியிருக்காரு. ஏன் மச்சான், ஆட்டுக்குட்டியைத் தூக்கி மடியில வச்சா நிறுத்தீக?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் வரியிலிருந்து சிவப்புக் கோடு வரை படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"நீங்க எங்க எடை பாத்தீக?"

"பாண்டி கடையில..."

"நாளைக்கு நானும் வர்றேன்."

அதுதான் செவ்வாய்க்கிழமை. ராசுவும் கூடவே வந்தான். அவனுக்கு என்ன சோலி அங்கே? வேடிக்கை பார்க்கிற சோலிதான். கோமதி இறங்கியதும், "இப்ப சாரை ஏத்து" என்றாள். ஏறினேன்.

"எம்பத்திநாலு, டீச்சர்" என்றான் பாண்டி. என்னைப் பார்த்து, "அன்னைக்குச் சொன்னது கழிவு போக, சார்..." என்று இழுத்தான்.

கோமதி மனக்கணக்காகவே சொன்னாள். "எம்பத்திநாலும் அம்பத்தெட்டும் நூத்தி நாப்பத்திரெண்டு. முறுக்கு டப்பாவுக்கும் எடம் இருக்கே! சரி, அந்த ஒத்தை சீட்டு எம்புட்டுத் தாங்கும்?"

"எண்பது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ராசுவுக்குக் கேட்டுவிட்டது. "அடேயப்பா! மச்சான், நீங்க ஆசைப்பட்ட பிளேன்ல எங்க அக்கா மட்டுந்தான் போகலாம். நீங்க கீழ நின்னு டாட்டா காட்டுங்க!"

கடையே சிரித்தது. கோமதியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி நான் கொஞ்சம் ஆசுவாசப்பட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், நடந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, மதுரைக்கு ஹெட்மிஸ்ட்ரஸாப் போகச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்துச்சே. அன்னைக்கும் நோட்டுல இப்படித்தான கணக்குப் போட்டீக?"

ஆமாம். இப்படித்தான் போட்டேன். இரண்டரை மணி நேரப் பஸ் பயணத்தை நாலு மணி நேரம் என்று எழுதினேன். மழைக்காலத்தில் மண்சரிவு என்றுகூட எழுதினேன். மதுரைப் பாதையில் எந்த மண் எங்கே சரிகிறது? எனக்குச் சூடாகச் சோறு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் என் கணக்கை நம்பி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கடைசிவரை இங்கேயே உதவி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள்.

பலரும் கணக்குப் பார்த்து முடிவெடுப்பதாகச் சொல்கிறார்கள். நான் எப்போதும் முடிவெடுத்துவிட்டுத்தான் கணக்குப் பார்த்திருக்கிறேன். விடை எனக்குச் சாதகமாக வரும்வரை பார்த்திருக்கிறேன்.

"தப்புத்தான் கோமதி" என்றேன்.

"பரவாயில்லை" என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது அடுத்த தப்பு. "அன்னைக்குத் தராசு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

இரட்டை சீட் வரைபடத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். படிவத்தில் எடைகளை அவளே நிரப்பினாள். நேற்று அந்த டிசைனின் படத்தை மேஜையில் விரித்து விளக்கினேன். எடை சமநிலைக்காக, இந்த ரக விமானத்தில் கூட வருகிறவருக்குத்தான் முன் சீட். ஓட்டுகிறவன் பின்னால்.

"அப்ப மலை பூராவும் எனக்குத் தெரியுமா?"

"பூராவும் தெரியும். எனக்குத்தான் பின்னாலேருந்து என்ன தெரியப்போகுதோ!"

கோமதி படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"என் முதுகு தெரியும். முப்பத்தெட்டு வருசம் உங்க முதுகை நான் பாத்துட்டேன்... இனி நீங்க பாருங்க."