பழைய எண், புதிய எண்

என் மகள் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு செங்கல் வீடு வாங்கினாள். நூறு ஆண்டு தாண்டிய வீடு என்று காட்டினால் வாசலில் பித்தளைத் தகடு பதிக்கலாம் என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதில் அவ்வளவு ஆசை. அந்நகர நூலகம் பழைய வரைபடங்களையும் தெருவாரியாகக் குடியிருந்தோர் பட்டியல்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. நாமக்கல்லில் உட்கார்ந்தபடி ஒரு வாரம் அவற்றைப் புரட்டினேன். தெரு இருந்தது, அவள் வீட்டு எண் மட்டும் எந்தப் பழைய பட்டியலிலும் இல்லை.

ஞாயிறு காலை போனில், "விடுங்கப்பா, புது ஊடுதான் போல," என்றாள்.

அப்போது எங்கள் வாசல் சுவர் கண்ணில் பட்டது. நகராட்சி எழுதிய பழைய எண், அதன் கீழே புதிய எண்.

"ஏஞ்சாமி, உங்கூர்லயும் நம்பரு மாத்தியிருப்பாங்களோ?"

"இங்கயும் பெயிண்ட் டப்பாவத் தூக்கிட்டு வந்தாங்களாக்கும்," என்று சிரித்தாள். ஆனாலும் நூலகருக்கு எழுதிக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது, அதை எனக்கும் அனுப்பினாள். தெரு முழுவதும் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். பழைய எண்ணில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் குடியிருந்திருக்கிறார். வீட்டுக்கு நூறு தாண்டிவிட்டது. தகடு உறுதி.

நான் சத்தமாகப் படித்து முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "அத்தன பழசுங்கறீங்க, மழைக்கு ஒழுகுதான்னு கேட்டீங்களா?"