பூந்தமல்லி ஆவண அறை, மழைக்கு மறுநாள்

பூந்தமல்லியில் பழைய ஆவண அறை. நேற்றைய மழைத் தண்ணீர் உள்ளே கணுக்கால் அளவு நிற்கிறது. காப்பாளர் கபூர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டபடி கூப்பிடுகிறார்.

"கட்டு மேல கால வெச்சி வாங்க சார், நனைய மாட்டீங்க."

நான்கு கட்டு தாண்டியபின் குனிந்து பார்க்கிறேன். வாசலிலிருந்து அலமாரிவரை தண்ணீரில் கிடப்பதெல்லாம் சிவப்புத் துணியில் கட்டிய பதிவேடுகள்.

"இதெல்லாம் என்ன?"

"ரொம்பப் பழசு சார். எவனும் கேக்க மாட்டான். புதுசு நனையக் கூடாதில்ல, அதான் பழச கீழ போட்டுகினு கீறோம்."

நூம்பல் ஏரிக்குள் மனை போட்டு விற்கிறார்கள். அது ஏரிதான் என்று காட்டும் பழைய பதிவேட்டைத் தேடி வந்திருப்பதாகச் சொல்கிறேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. என் காலைப் பார்க்கிறார்.

"அது மேலதான் நின்னுகினு கீறீங்க சார். கொஞ்சம் எறங்குங்க."