மதினிக்கும் ஒரு பொட்டலம்

சாவு விழுந்த வீட்டில் அந்த வருசம் தீபாவளி கிடையாது. சிவகாசியில் அந்தக் கணக்கு இன்னும் கறாரானது. என் வாசல் முன்னால் வெடிக்கக் கூடாதென்று எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தெருக்கோடிக்கு விரட்டிவிட்டார்கள். மரியாதைதான். விடிந்து பார்த்தால் தெரு முழுக்க வெடித்த காகிதம், என் வாசல் மட்டும் பெருக்கிவிட்டது போலக் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அச்சகத்துக்கும் லீவு. காரை எடுத்தேன். எங்கே என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் எனக்கே தெரியவில்லை.

சாத்தூரில் டீ குடித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"சிவகாசி."

"நல்லா இருக்கு போங்க! நாட்டுக்கே வெடியக் குடுத்துட்டு நீங்க எங்க ஓடுதீக?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்படிப் பேசுகிற ஆட்களிடம் நாள் முழுக்க நிற்பேன். அன்று ஏனோ கிளம்பிவிட்டேன். எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கார் போய்க்கொண்டே இருந்தது. ரோடு முடிந்த இடத்தில் வேம்பார் கடல்.

கரையில் ஒரு அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத அம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மதினியக் கூட்டியாரலையா?"

எங்கள் ஊரில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அதனால் என் மனைவி இறந்ததை நான் என் வாயால் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"அவளுக்குக் கால்வலி. வீட்டுல இருக்கா."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

"கால்வலின்னா என்ன, கார்லதான வந்தீக? நடந்தா வந்தீக? நல்ல ஆளு! அவுகளுக்கு என்ன மீனு பிடிக்கும்?"

"முள்ளு இருந்தாத் தொடமாட்டா. சீலான்னா ரெண்டு துண்டு கூடத் திம்பா."

திம்பா. சொல்லச் சொல்ல அவள் வீட்டில் காத்திருப்பது போலவே ஆகிவிட்டது. நானும் நிறுத்தவில்லை. காரம் தூக்கலாக வேண்டும், எலுமிச்சை பிழியக் கூடாது என்றெல்லாம் அடுக்கினேன். அந்த அம்மா அத்தனையும் கேட்டு, தனியாகப் பொரித்து, வாழையிலையில் மடித்து என் கையில் வைத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துருங்க. பாவம், ஒத்தையில இருப்பாக."

பொட்டலம் கையைச் சுட்டது. கீழே வைக்கவும் முடியவில்லை.

"அவ செத்துப்போயிட்டாம்மா," என்றேன். "சித்திரையில."

அந்த அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அத மொதல்லயே சொல்லுறதுக்கு என்னவாம்? மனுசன இப்பிடியா ஏய்ப்பீக? ... என்ன செஞ்சுச்சு அவுகளுக்கு?"

சொல்ல ஆரம்பித்தேன். காய்ச்சல் என்று நினைத்தது, மதுரைக்குக் கொண்டுபோனது. அதற்குள் வேனில் ஒரு கூட்டம் வந்து இறங்கிவிட்டது. அந்த அம்மா எழுந்தாள்.

"போயிராதீக அண்ணாச்சி. மிச்சத்தையும் கேக்கணும்."

எண்ணெய்ச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.