பாலில் போட்ட எழுத்து

இஸ்ரேலில் நான் கவனித்துக்கொண்ட யூத அம்மா, நான் ஊர் கிளம்பியபோது ஒரு தங்க டாலர் தந்தார். அதில் இரண்டு எபிரேய எழுத்துகள். சேர்த்துப் படித்தால் ‘உயிருள்ள’ என்று பொருள். எழுத்தே காவல் நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அரியலூர் வந்ததும், என் வீட்டுக்காரருக்காக அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

அவருடைய கருமாதியன்று கயிற்றை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள்.

“அந்த டாலர் தாலி இல்லீங்க!” என்று கத்தினேன்.

“கயித்துல கோத்ததெல்லாம் போவணும்,” என்றார் நாத்தனார்.

பிறகு தாலியை உருக்கிய ஆசாரி, டாலரை மட்டும் திருப்பித் தந்தார். “என்ன எழுத்துன்னு தெரியாம நெருப்புல போட மாட்டேங்க.”

இப்போது அது பீரோவில் இருக்கிறது. திறந்தால் பால் வாடை அடிக்கிறது. புளித்த வாடை இல்லை, அப்போதுதான் கறந்த பால்.