மூக்குக்குள் போன மிளகு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு வேலைக்குப் போகும் பெண்களின் நான்கு குழந்தைகளைப் பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் அவர்களை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பதற்குள் பிராணன் போய்விடும். அம்மாக்களைப் போல விளையாடட்டுமே என்று அன்று முறத்தில் மிளகையும் பயறையும் கலந்து கொடுத்து, தனித்தனியாகப் பொறுக்கச் சொன்னேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள், மூன்று வயது வேலு ஒரு மிளகை மூக்கில் ஏற்றிவிட்டான்.

அலறியவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட, வாசலில் குடையை விரித்தேன். அவன் தும்மினான். மிளகு என் தோளில் வந்து விழுந்தது.

சாயங்காலம் அவன் அம்மா கேட்டாள்: "நாள் முழுக்க அங்க மிளகு பொறுக்கிட்டு வரேன். பிள்ளைக்கும் இங்க அதே ஜோலியா அக்கா?"

இப்போது மழை நாளில் விளையாடத் தேங்காய்ச் சிரட்டையும் ஈர மண்ணும்தான். மூக்கில் நுழையாத சிரட்டையாகப் பார்த்துக் கொடுக்கிறேன். வேலு அதையும் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விளையாட உட்காருகிறான்.